கூரை யாருடையது? மும்பை வீடுகளில் சூரிய மின்சாரமும் கரண்ட் பில்லும்

வீட்டு மாடியில் சோலார் பேனல் போட்டால் கரண்ட் பில் எவ்வளவு குறையும்? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக விடை சொல்லி வருகிறார்கள். 2010 ஜனவரியில் ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் தொடங்கியபோது ஒரு விடை கிடைத்தது. 2015-இல் நாட்டின் இலக்கை 100 ஜிகாவாட்டாக உயர்த்தி, அதில் 40 ஜிகாவாட் கூரைகளின் மேல் 2022-க்குள் அமையும் என்றார்கள். கெடு வந்தது, இலக்கு வரவில்லை. 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்ய கர் இலவச மின்சாரத் திட்டம் வந்தது. ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, மாதம் 300 யூனிட் வரை இலவசம் என்ற முழக்கம். 2025 மார்ச்சில் பத்து லட்சம் வீடுகளைத் திட்டம் தாண்டியது.

இந்த விடைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தனி வீடு, தனி மொட்டைமாடி, வீட்டுக்காரர் பெயரிலேயே மீட்டர். சூரத்திலோ கோவையின் புறநகரிலோ அத்தகைய வீடு தெருவுக்குத் தெரு உண்டு. மும்பையில் அரிது. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளை எடுத்துக்கொண்டால், மாடியின் உரிமை மூன்றிலும் மூன்று விதம். பில் குறையுமா என்ற கேள்விக்கு இதுவரை வந்த முக்கியமான விடைகளை இந்த மூன்று இடங்களில் பொருத்திப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

மானியத்தை நம்புகிறவர்கள்

முதல் தரப்பின் வாதம் எளிமையானது. பேனலின் முதலீடு கனமானது, வெயில் இலவசம். ஆகவே தொடக்கச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றால் மீதியை மக்கள் பார்த்துக்கொள்வார்கள். தொடக்கக் கட்டத்தில் 30 சதவீத மானியம். 2019 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற இரண்டாம் கட்டத்தில் 3 கிலோவாட் வரை 40 சதவீதம், அதற்கு மேல் 10 கிலோவாட் வரை 20 சதவீதம். 2024-இல் சதவீதப் பேச்சை விட்டு ரூபாயிலேயே அறிவித்தார்கள். முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக உச்சம் 78,000 ரூபாய். பிணையில்லாத வங்கிக் கடனும் கூட வந்தது. பேனல் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் கடையில் விலை கொஞ்சம் கூடும்.

தமிழ்நாடு இந்த வழியில் முன்னதாகவே நடந்து பார்த்தது. 2011-இல் முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடுகளில் சூரிய மின்சாரத்தில் எரியும் ஐந்து விளக்குகள் அரசுச் செலவிலேயே பொருத்தப்பட்டன. 2012-இன் சூரிய ஆற்றல் கொள்கை வேறு உத்தியைக் கையாண்டது. கருவிக்குக் காசு தருவதற்குப் பதில், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதல் இரண்டு ஆண்டு 2 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டு 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு ஆண்டு 50 காசு என்று ஊக்கத்தொகை அறிவித்தது. கருவியை வாங்கி மூலையில் போட்டுவிட்டு மானியத்தை மட்டும் எடுத்துக்கொள்வதைத் தடுக்க இது நல்ல வழி. ஆனால் 2016-இல் இதே மாநிலம் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாக்கியது. சிறிய வீட்டுக்குப் பில்லே பெரிதாக வராதபோது பேனல் எதற்கு? ஒரு கை சூரியனுக்கு ஊக்கம் தர, மறு கை அந்த ஊக்கத்தைத் தணித்தது.

மானியத் தரப்பின் பலவீனம் இதில்தான் இருக்கிறது. மானியம் பேனலின் விலையைக் குறைக்கும். பேனல் யாருக்கு லாபம் தரும் என்பதை நிர்ணயிப்பதோ மின்கட்டணத்தின் படிகள். மும்பை வீட்டுக் கட்டணம் 100, 300, 500 யூனிட் என்று படிப்படியாக ஏறும். சூரிய மின்சாரம் பில்லை உச்சிப் படியிலிருந்து வெட்டிக்கொண்டு இறங்கும். அதனால் நிறையச் செலவழிக்கும் வீட்டுக்கே ஒவ்வொரு சூரிய யூனிட்டும் அதிக ரூபாய் பெறும்.

ஓர் உத்தேசக் கணக்கு போடலாம். மும்பையில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுக்குச் சுமார் 1,300 யூனிட் தரும் என்று கொள்வோம். மாதம் 500 யூனிட் செலவாகும் வீட்டில் 3 கிலோவாட் போட்டால் மாதச் சராசரி 325 யூனிட். வெட்டப்படும் யூனிட்டின் சராசரி விலை 9 ரூபாய் என்றால் சுமார் 2,900 ரூபாய் மிச்சம். செலவு இரண்டு லட்சம் என்று வைத்து 78,000-ஐக் கழித்தால், போட்ட பணம் மூன்றரை ஆண்டில் திரும்பிவிடும். மாதம் 90 யூனிட் மட்டும் எரியும் வீட்டில் 1 கிலோவாட் போட்டால்? செலவு 70,000, மானியம் 30,000, கைப்பணம் 40,000. அந்தப் படியில் யூனிட் நாலரை ரூபாய் என்றால் மாத மிச்சம் 405 ரூபாய். பணம் திரும்ப எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். நிலைக்கட்டணம் இரு வீட்டுக்கும் அப்படியே இருக்கும். விலைகள் மாறினால் விடை நகரும், ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி எளிதில் மறையாது.

300 யூனிட் இலவசம் என்ற முழக்கத்தையும் இங்கேயே பிரித்துப் பார்த்துவிடலாம். அரசு யாருக்கும் 300 யூனிட்டை இனாமாக அனுப்புவதில்லை. 3 கிலோவாட் பேனல் மாதம் உற்பத்தி செய்யக்கூடிய அளவு அது. அந்த 3 கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 300 சதுர அடி வேண்டும்.

மீட்டரை நம்புகிறவர்கள்

இரண்டாம் தரப்புக்கு மானியத்தைவிட மீட்டர் முக்கியம். பகலில் வீட்டில் ஆளில்லாத நேரத்தில் பேனல் தரும் மின்சாரத்தை விநியோக நிறுவனத்தின் கம்பிக்கு அனுப்பி, இரவில் அதே அளவைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வித்தியாசத்துக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். இந்த நெட் மீட்டர் முறைக்கு முன்னோடிச் சட்டங்களில் ஒன்று அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1983-இல் வந்தது. மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2015-இல் இதற்கு விதிகள் வகுத்து, 2019-இல் அவற்றைப் புதுப்பித்தது. ஆண்டு முடிவில் மிஞ்சும் யூனிட்டுகளை நிறுவனம் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே தேவைக்கு மேல் பேனல் போட்டுச் சம்பாதிக்கலாம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

மும்பைக்கு இந்த முறை இன்னொரு வகையிலும் பொருந்தும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் மூடிக்கிடக்கும்போது உற்பத்தி சரியும். மார்ச் வரை சேர்ந்த யூனிட் வரவு மழைக்காலத்துக்குக் கைகொடுக்காது. ஏனென்றால் கணக்கு மார்ச் 31-ஓடு முடிகிறது. இருந்தாலும் அக்டோபருக்குப் பிறகு கிடைக்கும் வெயில் வருடச் சராசரியைத் தாங்கிப்பிடிக்கும். பேட்டரி வாங்கும் செலவும் இல்லை. அதற்கு ஒரு விலை உண்டு. கிரிட்டில் மின்சாரம் நின்றால் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டரும் நின்றுவிடும். 2020 அக்டோபர் 12 அன்று மும்பை முழுக்க மின்சாரம் போனபோது, பேட்டரி இல்லாத சோலார் வீடுகளும் மற்ற வீடுகளைப் போலத்தான் இருந்திருக்கும்.

விநியோக நிறுவனங்களின் மறுப்பு

மூன்றாம் தரப்பு கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைக்கிறது. கம்பி, டிரான்ஸ்பார்மர், மீட்டர், ஊழியர் சம்பளம் என்று விநியோகத்தின் செலவு, யாராவது பேனல் போட்டதால் குறைவதில்லை. உச்சிப் படியில் அதிகம் கட்டிவந்தவர்கள் விலகினால் அந்தச் செலவு மற்றவர்கள் மேல் இறங்கும். கீழ்ப்படியில் இருப்பவருக்கு மலிவாக மின்சாரம் தர உதவியதே மேல்படிக்காரரின் பணம். ஆகவே வசதியானவருடைய பேனலுக்கு வசதியற்றவர் மறைமுகமாகப் பணம் கொடுக்கிறார் என்பது குற்றச்சாட்டு.

இதை நிறுவனங்களின் சுயநலப் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. கலிஃபோர்னியா 2023 ஏப்ரலில் புதிய விண்ணப்பதாரர்களுக்குக் கிரிட்டுக்கு அனுப்பும் மின்சாரத்தின் மதிப்பை ஏறத்தாழ முக்கால் பங்கு குறைத்தது. இலங்கையில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருந்ததால் பகல் தேவை விழுந்தது. கூரை பேனல்களைப் பகலில் அணைத்து வைக்கும்படி இலங்கை மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. மகாராஷ்டிரத்தில் 2019 வரைவு விதிகள் வீடுகளுக்கான நெட் மீட்டரிங்குக்கு மாதம் 300 யூனிட் என்ற வரம்பு வைக்க உத்தேசித்தன. எதிர்ப்பு எழுந்தது, இறுதி விதிகளில் நெட் மீட்டரிங் பிழைத்தது. மத்திய அரசும் 2020 டிசம்பர் விதிகளில் 10 கிலோவாட் என்று வரம்பிட்டு, 2021-இல் அதை 500 கிலோவாட்டாகத் தளர்த்தியது. இப்படி முன்னும் பின்னுமாக விதி ஆடும்போது, 25 ஆண்டு ஆயுள் சொல்லி விற்கப்படும் பொருளை வாங்குகிறவர் எந்த விதியை நம்பிக் கணக்குப் போடுவார்?

ஆனால் இந்த வாதத்தை அளவுக்கு மீறி இழுப்பதும் உண்டு. கூரைச் சூரிய மின்சாரம் நகரின் விற்பனையில் சிறு பங்காக இருக்கும்வரை சுமை மாறுவதும் சிறிதாகவே இருக்கும். மேலும் மும்பை நுகர்வோர் தமக்குத் தொடர்பில்லாத சுமைகளைச் சுமந்து பழகியவர்கள். பஸ், மின்விநியோகம் இரண்டையும் நடத்தும் பெஸ்ட் நிறுவனத்தின் பஸ் நஷ்டத்தில் ஒரு பகுதி பல ஆண்டுகள் தெற்கு மும்பைக்காரரின் மின்கட்டணத்தில் ஏறிவந்தது. உச்ச நீதிமன்றம்வரை போய் நின்ற வழக்கு அது.

பாலைவனம் இருக்கக் கூரை எதற்கு?

நான்காம் தரப்பு கூரையையே மறுக்கிறது. 2020 டிசம்பரில் குஜராத் நடத்திய ஏலத்தில் பெரிய சூரியப் பண்ணையின் மின்சாரம் யூனிட் 1 ரூபாய் 99 காசுக்கு வந்தது. ராஜஸ்தானில் ஏக்கர் கணக்கில் நிலம் கிடக்கையில், தண்ணீர்த் தொட்டிக்கும் லிஃப்ட் அறைக்கும் நடுவே நாலு பேனலைச் செருகுவது வீண்வேலை என்பது இவர்கள் கட்சி. மும்பைக்கு ஜெய்சல்மேர்ப் பகுதியின் சூரிய, காற்று மின்சாரம் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பதையும் சுட்டுவார்கள்.

விலையில் இது வலுவான வாதம். ஆனால் பண்ணை வாசலில் இருக்கும் விலை வேறு, செம்பூர் வீட்டு மீட்டரில் வந்து நிற்கும் விலை வேறு. நடுவில் செலுத்துகைச் செலவும் இழப்பும் விநியோகக் கட்டணமும் சேரும். நகரத்துக்குள் நுழையும் உயர் அழுத்தக் கம்பிகளுக்கு இடமும் குறைவு. அதனால்தான் செம்பூரை ஒட்டிய டிராம்பே அனல்மின் நிலையத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு மும்பை இன்னும் நிலக்கரி எரிக்கிறது. ஐ.ஐ.டி. பம்பாய் பங்கேற்ற ஒரு குழு 2016-இல் மதிப்பிட்டபடி பெருமும்பைக் கூரைகளின் மொத்த ஆற்றல் சுமார் 1.72 ஜிகாவாட். அதில் பெரும்பங்கு குடியிருப்புக் கட்டடங்களுக்கு உரியது. கோடையில் மின்தேவை 4,000 மெகாவாட்டை எட்டும் நகரத்துக்கு அது முழு விடை ஆகாது. புறக்கணிக்கத்தக்கதும் அன்று. அந்த ஆற்றலில் எவ்வளவு உண்மையில் பேனலாக மாறும் என்பது கட்டடங்களுக்குள் போனால்தான் தெரியும்.

மூன்று பேட்டைகள், மூன்று கூரைகள்

செம்பூரில் தொடங்கலாம். அங்கே தனி வீடுகள் கொஞ்சம் எஞ்சியிருக்கின்றன. சேடா நகர், திலக் நகர் போன்ற பகுதிகளில் பெரும்பாலோர் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கக் கட்டடங்களில் இருக்கிறார்கள். மின்சாரம் அதானி எலக்ட்ரிசிட்டியிடமிருந்தோ டாட்டா பவரிடமிருந்தோ வருகிறது. டெரஸ் சங்கத்தின் பொதுச் சொத்து. ஒரு வீட்டுக்காரர் தனக்காகப் பேனல் வைக்க வேண்டுமென்றால் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், இடமோ அவ்வளவு இல்லை. ஆகவே பொதுக்குழுவில் விஷயம் வந்தால் பெரும்பாலும் பொது மீட்டரில் போய் முடிகிறது. லிஃப்ட், பம்ப், மாடிப்படி விளக்கு ஆகியவற்றின் மீட்டர் அது.

அந்த முடிவு கெட்டதல்ல. பொது மீட்டருக்கும் வீட்டுக் கட்டணமே பொருந்தும். கட்டடம் முழுவதற்கும் ஒரே மீட்டர் என்பதால் மாதப் பயன்பாடு 500 யூனிட்டைச் சுலபமாகத் தாண்டி உச்சிப் படியிலேயே நிற்கும். அங்கே வெட்டப்படும் ஒவ்வொரு யூனிட்டும் முழு விலை பெறும். 28 வீடுகள் கொண்ட ஏழு மாடிக் கட்டடத்தில் 10 கிலோவாட் போட ஆயிரம் சதுர அடி போதும். கிலோவாட்டுக்கு 55,000 ரூபாய் என்று கொண்டால் செலவு ஐந்தரை லட்சம். சங்கங்களுக்கான மானியம் கிலோவாட்டுக்கு 18,000 வீதம் 1,80,000 ரூபாய். மாதம் சுமார் 1,080 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்றால் 10,800 ரூபாய். மூன்று ஆண்டுக்குள் பணம் வந்துவிடும். வீட்டுக்கு வீடு பார்த்தால் மாதம் 385 ரூபாய். மெயின்டெனன்ஸ் பில்லில் அது குறைந்ததாக யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அடுத்த உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தனி வீட்டுக்கு முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000. அடுக்குமாடிச் சங்கத்துக்கு முதல் கிலோவாட்டிலிருந்தே 18,000. பெரிய அமைப்பை மொத்தமாகப் போட்டால் செலவு குறையும் என்று இதற்கு நியாயம் சொல்லலாம். நகரத்தில் கூரையைப் பகிர்ந்து வாழ்கிறவருக்கு ஆள்வீதம் கிடைப்பது மிகக் குறைவு என்பது அந்த நியாயத்தால் மாறாது.

செம்பூரின் இன்னொரு சிக்கல் மறுகட்டுமானம். திலக் நகரில் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிந்து கோபுரங்களாக எழுகின்றன. ஐந்து ஆண்டில் இடிக்கப்படும் என்று எல்லோரும் எதிர்பார்க்கும் கட்டடத்தில் 25 ஆண்டுப் பொருளை வைக்கச் செகரட்டரி தயங்குவது இயல்பு. உங்கள் கட்டடம் இடிபடாவிட்டாலும் தெற்கே இருப்பது இடிபட்டு இருபது மாடியாக எழுந்தால் நிழல் உங்கள் டெரஸில் விழும். 1882-இன் இந்திய வசதியுரிமைச் சட்டம் இருபது ஆண்டு அனுபவித்த வெளிச்சத்துக்குக் கட்டடத்துக்கு உரிமை தருகிறது. ஜன்னல் காலத்துச் சட்டம் அது. போன வருடம் வைத்த பேனலுக்கு அது குடை பிடிக்காது. புறாக்களின் எச்சமும் கட்டுமானத் தூசும் தனி. மாதம் ஓரிரு முறை கழுவத் தண்ணீரும் ஆளும் வேண்டும்.

மாட்டுங்காவில் கதை வேறு. 1896 பிளேக்குக்குப் பின் 1898-இல் அமைந்த பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த தாதர்–மாட்டுங்கா திட்டத்தில் எழுந்த இரண்டு, மூன்று மாடிக் கட்டடங்கள் இன்னும் கணிசமாக நிற்கின்றன. மொட்டைமாடி அகலம், மாடி எண்ணிக்கை குறைவு. வீட்டுக்கு விழும் கூரைப் பங்கு நகரிலேயே நல்ல அளவு என்று சொல்லலாம். ஃபைவ் கார்டன்ஸ் பூங்காப் பகுதியில் மட்டும் மரங்களின் நிழலைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் பல கட்டடங்கள் பகடி முறையில், அதாவது தொடக்கத்தில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு சொற்ப வாடகைக்கு, விடப்பட்டவை. 1947-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 1999 சட்டமும் குடியிருப்பவரைக் காத்தன. கூரையை அவருக்குக் கொடுக்கவில்லை. பெஸ்ட் மீட்டர் குடியிருப்பவர் பெயரில், மாடி உரிமையாளர் பெயரில். உரிமையாளருக்குக் கிடைக்கும் வாடகை சொற்பம். பேனலுக்கு முதலிட அவருக்கு ஒரு காரணமும் இல்லை. குடியிருப்பவருக்குக் காரணம் உண்டு, மாடி இல்லை. ஏ.சி. ஓடும் மாட்டுங்கா வீடு, பில்லைப் பொறுத்தவரை, மானியத் திட்டம் தேடும் சரியான வீடு. கூரையைப் பொறுத்தவரை அதற்குத் தகுதியே இல்லாமல் போகிறது.

தாராவியில் இரண்டு குறையும் ஒன்றாகச் சேர்கின்றன. திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் இறங்கியவர்களின் வாரிசுகள் வாழும் குடியிருப்புகளில், தகரம் அல்லது சிமென்ட் ஷீட் போட்ட கூரைதான் அதிகம். மேல்மாடிக்கு வெளியே செங்குத்தான இரும்பு ஏணி. அந்த மாடியும் வாடகைக்கோ பட்டறைக்கோ போயிருக்கும். அதற்கும் மேலே உள்ள ஷீட்டின் மேல் பழைய பிளாஸ்டிக் மூட்டையும் தண்ணீர் டிரம்மும் நீலத் தார்ப்பாயும். அங்கே கூரை என்பது வேலை நடக்கும் இடம். பக்கத்து வீட்டின் சுவரும் இதன் சுவரும் ஒன்று என்பதால் எடை தாங்குமா என்ற கேள்வியும் இரண்டு வீட்டுக்குச் சேர்ந்தது. பயன்பாடு குறைந்த வீட்டின் பில் கீழ்ப்படியில் நிற்கும். எட்டு ஆண்டுக் கணக்கு இங்கேதான் வரும். வீட்டிலேயே தையலோ இட்லி வியாபாரமோ நடந்து மீட்டர் வணிக வகையில் இருந்தால், வீடுகளுக்கான மானியத்துக்கு அது உட்படாது. மாநில அரசு 2025-இல் 100 யூனிட்டுக்குக் கீழான வீடுகளுக்குக் கூடுதல் மானியம் அறிவித்தது. ஆனால் அது மாநில அரசின் விநியோக நிறுவனமான மகாவிதரணின் நுகர்வோருக்கானது, தாராவியோ பெஸ்ட் எல்லையில் இருக்கிறது.

வரப்போகும் தாராவி எப்படியிருக்கும்? 2022 நவம்பரில் அதானி குழுமம் மறுமேம்பாட்டு ஏலத்தை வென்றது. தகுதி பெறும் குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்பது அறிவிப்பு. உதாரணத்துக்கு, மாடிக்கு எட்டு வீடாக இருபது மாடி என்று ஒரு கட்டடத்தைக் கற்பனை செய்வோம். 160 வீடுகள். மொட்டைமாடி 4,000 சதுர அடி இருக்கலாம். தொட்டி, லிஃப்ட் அறை, படிக்கட்டு மூடி போக நிழலற்ற இடம் பாதி. 20 கிலோவாட், மாதம் சுமார் 2,170 யூனிட். வீட்டுக்கு 13, 14 யூனிட். ஒரு மின்விசிறி கொஞ்ச நாள் சுற்றும். 300 யூனிட் முழக்கத்துக்கு வேண்டிய 300 சதுர அடி, அந்தக் குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கே ஏறத்தாழ ஈடு.

ஆனால் அதே 2,170 யூனிட் பொது மீட்டரில் சேர்ந்தால் கதை மாறலாம். மும்பையின் குடிசை மறுவாழ்வுக் கட்டடங்களில் நெடுநாளாக உள்ள தொல்லை லிஃப்டும் பம்பும். தரைவீட்டில் இருந்தபோது இல்லாத செலவு மாதாமாதம் வருகிறது. கட்ட முடியாமல் பாக்கி சேர்ந்தால் லிஃப்ட் நிற்கும், பதினைந்தாம் மாடிக்கு நடந்து ஏற வேண்டும். தாராவிக்குச் சூரிய மின்சாரத்தின் மெய்யான பயன், என் கணிப்பில், வீட்டு பில்லில் இல்லை. லிஃப்ட் ஓடிக்கொண்டே இருப்பதில் இருக்கிறது.

கூரையைப் பங்கு போடும் யோசனைகள்

கூரையும் மீட்டரும் வெவ்வேறு கையில் இருக்கும் சிக்கல் மும்பைக்கு மட்டும் உரியதல்ல. ஏறக்குறைய 2010 முதல் காந்திநகரில் 5 மெகாவாட் முன்னோடித் திட்டம் ஒன்றில் நிறுவனங்கள் வீட்டு மாடிகளை வாடகைக்கு எடுத்துப் பேனல் வைத்தன. உரிமையாளருக்கு யூனிட்டுக்கு 3 ரூபாய் வந்தது. மாட்டுங்காவின் பகடிக் கட்டடத்துக்கு இந்த முறை ஓரளவு பொருந்தக்கூடும். உரிமையாளருக்கு மாடியிலிருந்து ஏதோ வருமானம் வரும். குடியிருப்பவரின் பில் மட்டும் அதனால் குறையாது.

டெல்லியின் ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் மெய்நிகர் நெட் மீட்டரிங்குக்கு நெறிமுறை வகுத்தது. ஓரிடத்தில் உள்ள பேனலின் யூனிட்டுகளைப் பல வீடுகளின் பில்களில் குறித்த விகிதத்தில் கழிக்கும் முறை இது. பள்ளிக்கூடத்துக் கூரையிலோ ரயில் பணிமனையிலோ பேனல் இருக்கலாம், கழிவு தாராவி வீட்டின் பில்லில் வரலாம். கூரையில்லாதவருக்கு இதைவிட நேரடியான வழி தெரியவில்லை. பலவீனம் நிர்வாகத்தில். யார் பங்கு எவ்வளவு, வீடு மாறினால் பங்கு என்னாகும், விநியோக நிறுவனத்தின் கம்பி வாடகை எவ்வளவு என்பவை ஒவ்வொன்றும் தகராறுக்கு இடம். விநியோக நிறுவனமே பல வீடுகளைத் திரட்டிப் பேனல் அமைத்துத் தரும் வழியை மத்திய திட்டத்தின் நெறிமுறைகளும் அனுமதிக்கின்றன.

ஜெர்மனி 2017-இல் வாடகைதாரர் மின்சாரச் சட்டம் கொண்டுவந்தது. அதன் நடைமுறை சிக்கலாக இருந்தது. மக்களிடம் வேகமாகப் பரவியது வேறொன்று. பால்கனிக் கம்பியில் மாட்டி, சுவர் பிளக்கில் செருகும் சிறு பேனல். 800 வாட் வரை 2024-இல் அங்கே விதிகள் எளிதாக்கப்பட்டன. துணி காயும் மும்பைப் பால்கனியில், பழைய ஒயரிங்கில் இது பாதுகாப்பாக இயங்குமா என்பது பரிசோதித்துச் சொல்ல வேண்டியது. புயல் காற்றில் ஏழாம் மாடியிலிருந்து பேனல் விழும் வாய்ப்பையும் யாராவது கணக்கிட வேண்டும்.

தீராமல் நிற்பவை

தனி வீடும் பெரிய பில்லும் உள்ளவருக்குப் பேனல் லாபம் என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. சங்கத்தின் பொது மீட்டருக்கும் லாபமே, கட்டடம் இன்னும் பத்து ஆண்டாவது நிற்குமென்றால். இவ்வளவுக்கு அப்பால் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. பகல் மின்சாரம் கிரிட்டில் மலிந்துகொண்டே போனால் நெட் மீட்டரின் ஒன்றுக்கு ஒன்று கழிவு எத்தனை நாள் தாங்கும் என்பது முதல் ஐயம். கலிஃபோர்னியாவும் இலங்கையும் காட்டும் திசை அதற்குச் சாதகமாக இல்லை. மேல்படிக்காரர்கள் விலகுவதால் கீழ்ப்படிக் கட்டணம் ஏறுமா என்பதை மும்பையின் மூன்று நிறுவனங்களின் கணக்கை வைத்துத் தனித்தனியாகப் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். தேசியச் சராசரி இதற்கு உதவாது. பகடிக் கட்டடத்தில் மாடியின் வெயில் யாருக்குச் சொந்தம் என்பதைச் சட்டம் நேராக எதிர்கொள்ளவில்லை.

இவற்றில் எது முந்தித் தீர்க்கத்தக்கது என்று கேட்டால், கூரையையும் மீட்டரையும் பிரித்துக் கணக்கிடும் முறை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. மானியத்தை இன்னும் பத்தாயிரம் கூட்டுவதால் மாட்டுங்காவிலோ தாராவியிலோ ஒரு பேனல் கூடுதலாக ஏறப்போவதில்லை. மறுகட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவிருக்கும் சங்கங்கள் வேறு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. டெரஸில் எத்தனை கிலோவாட், அதன் செலவு யாருடையது, யூனிட் எந்த மீட்டரில் கழியும் என்ற மூன்று வரிகளை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடலாம். கட்டி முடித்த பின் கேட்டால் பில்டர் டெரஸில் வேறு ஏதாவது கட்டியிருப்பார்.

சூர்ய கர் திட்டத்தின் காலம் 2026–27 நிதியாண்டோடு முடிகிறது. தாராவியின் மறுகுடியமர்வுக்கு அரசு வகுத்த கெடுவே ஏழு ஆண்டு.